டர்போ போடறதுக்கு முன்னாடி பிளாக்கைப் பாருங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல ஞாயித்துக்கிழமை, பெங்களூருல காருக்கு பவர் ஏத்தற பசங்களைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, பசங்க ஆர்வத்தை மட்டம் தட்டாம எழுதியிருந்தீங்க, அதுக்கே ஒரு நன்றி. ஆனா முழுப் பக்கத்துலயும் டர்போ, ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தறது), இன்டர்கூலர், எக்ஸாஸ்ட்னு தான் ஓடுச்சே தவிர, இந்த பவரை எல்லாம் தாங்கப் போற என்ஜின் பிளாக்கை, அதாவது சிலிண்டர் எல்லாம் இருக்கற அந்த பெரிய வார்ப்பைப் பத்தி ஒரு வரி இல்ல. நான் ஜே.சி. ரோடு பக்கம் போரிங், ஹோனிங் (சிலிண்டர் துளையைக் கடைஞ்சு, கல்லால தேய்ச்சு அளவுக்குக் கொண்டு வர்றது) வேலை பாக்கறவன், அதனால இதை எழுதாம இருக்க முடியல.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், போர், அதாவது சிலிண்டர் துளையோட விட்டம் 82.5 மி.மீ.னு வச்சுக்கோங்க, பிஸ்டன் தலை பரப்பு சுமார் 53 சதுர செ.மீ. வரும். உள்ள 100 பார் அழுத்தம் வந்தா அந்த ஒரு பிஸ்டன் மேல விழற விசை அஞ்சு டன்னுக்கு மேல. 3000 ஆர்பிஎம்ல ஒவ்வொரு சிலிண்டர் உள்ளயும் செகண்டுக்கு 25 தடவை பெட்ரோல் எரியுது. அந்த அழுத்தம் மேல ஹெட்டை (பிளாக்கோட மூடி) தூக்கப் பாக்குது, கீழ கிராங்க் வழியா மெயின் கேப்பை (கிராங்கைப் பிடிச்சிருக்கற மூடி) பிடுங்கப் பாக்குது, பக்கவாட்டுல சிலிண்டர் சுவரைத் தள்ளுது. பொதுவா கம்பெனிக்காரன் அவன் வித்த பவருக்குக் கொஞ்சம் மேல தாங்கற மாதிரி தான் பிளாக்கை வார்த்திருப்பான், நாம லேப்டாப்பை சொருகி பூஸ்ட்டை (டர்போ உள்ள தள்ளற காத்தோட அழுத்தம்) ஏத்தினா சுவரோட தடிமன் கூடவா ஏறும்?

இதுல நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை சீரா எரியாம தானா வெடிக்கறது, வந்துச்சுன்னா கதையே வேற. அழுத்தம் சீரா ஏறாம திடீர்னு சம்மட்டியால அடிச்ச மாதிரி ஏறும், பிஸ்டன் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவுல இருக்கற விளிம்பு) உடையறது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட் போறது எல்லாம் பெரும்பாலும் அங்க தான் ஆரம்பம். பெங்களூரு குளிர்ல ட்யூன் பண்ணி பளபளன்னு ஓடின வண்டியை மே மாசம் வேலூர், சென்னைப் பக்கம் இறக்கி அடிச்சா உள்ள போற காத்தோட சூடு வேற, அதே ட்யூன் அங்க நாக்கிங்ல கொண்டு விடலாம்.

எல்லா பிளாக்கும் ஒண்ணு இல்ல சார், இதைத் தான் கட்டுரையில முக்கியமா எதிர்பாத்தேன். பழைய டொயோட்டா சுப்ராவோட 2ஜேஇசட் என்ஜின் வார்ப்பிரும்பு பிளாக், டெக் (ஹெட் உக்கார்ற பிளாக்கோட மேல்முகம்) மூடினது, கிராங்குக்கு ஏழு மெயின் பேரிங், அதனால தான் பிளாக்கை மாத்தாமலே ஃபேக்டரி பவருக்கு ரெண்டு மடங்குக்கு மேல தாங்குதுன்னு உலகம் பூரா பேர் வாங்கிச்சு. ஹோண்டாவோட பி சீரிஸ், கே சீரிஸ் எல்லாம் அலுமினியம், ஓபன் டெக், அதாவது சிலிண்டரோட மேல்முனை எதையும் பிடிக்காம கூலன்ட் நடுவுல தனியா நிக்கும். நம்ம ஊர்ல நிறைய ஓடற ஃபோக்ஸ்வேகன் 1.0 டிஎஸ்ஐயும் அலுமினியம் ஓபன் டெக் தான். இந்த டிசைன் தப்பே இல்ல, வார்க்க சுலபம், மேல்பக்கம் நல்லா குளிரும், தினசரி ஓட்டத்துக்கு ரொம்ப சரி. பூஸ்ட் அளவு மீறி ஏறும்போது தான் சிலிண்டர் அசைய ஆரம்பிக்கும், நூறுல ஒரு பங்கு மி.மீ. கணக்குல அசைஞ்சாலே கேஸ்கெட்டை அரிச்சிடும். 2ஜேஇசட் பத்தி எங்கயோ படிச்சதை மனசுல வச்சு ஹேட்ச்பேக்குக்கு அதே நம்பர் கேட்டு வர்ற பசங்களை நான் நிறைய பாக்கறேன், அவங்க ஆசையில குத்தம் இல்ல, எடுத்துச் சொல்ல ஆள் இல்ல, அவ்ளோ தான்.

பிளாக்கை பலப்படுத்தறதுன்னா உடனே ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள இறக்கற இரும்புக் குழாய்) போடறதுன்னு நினைக்கறாங்க. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு. இரும்பு பிளாக்குன்னா அல்ட்ராசோனிக் மீட்டர் வச்சு சுவர் தடிமனை சுத்தி அளக்கணும், வார்க்கும்போது உள்ள வைக்கற மணல் கோர் கொஞ்சம் நகர்ந்திருந்தா ஒரு பக்கம் தடிப்பா ஒரு பக்கம் மெல்லிசா இருக்கும், அது தெரியாம துளையைப் பெருசாக்கி ஓவர்சைஸ் போர் அடிச்சா மெல்லிசு பக்கம் வெடிச்சுப் போகும். அப்புறம் டார்க் பிளேட். ஹெட்டை டைட் பண்ணினதும் சிலிண்டர் வட்டம் கொஞ்சம் கோணும், அதனால ஹெட்டுக்கு பதிலா கெட்டியான பிளேட்டை அதே கேஸ்கெட், அதே டார்க்ல (போல்ட்டை முறுக்கற அளவு) மாட்டி, அந்த கோணின நிலையிலயே ஹோன் பண்ணினா தான் என்ஜின் ஓடும்போது போர் வட்டமா இருக்கும். மெயின் கேப்புக்கு போல்ட்டை எடுத்துட்டு நல்ல ஸ்டட் (பிளாக்குல திருகி மேல நட்டு போடற கம்பி) போட்டா பிடிப்பு கூடும், நிஜம் தான், ஆனா ஸ்டட் போட்டதும் கேப் இழுபடற விதம் மாறி மெயின் போர் (கிராங்க் உக்கார்ற துளை) வட்டம் கெடலாம், மறுபடி அளந்து தேவைப்பட்டா லைன் ஹோனிங் (அந்தத் துளை எல்லாத்தையும் ஒரே நேர்கோட்டுல ஹோன் பண்றது) பண்ணியே ஆகணும். ஸ்டட் பாக்கெட்டை கொடுத்து "அண்ணா மாட்டி மட்டும் கொடுங்க"ன்னு கேட்டா எந்த நல்ல ஷாப்காரனும் சரின்னு சொல்லக்கூடாது.

ஸ்லீவ் நல்ல வழி தான். டக்டைல் அயர்ன் (சுலபமா உடையாத வார்ப்பிரும்பு வகை) ஸ்லீவ் சாதா வார்ப்பிரும்பை விட ரொம்ப கெட்டி, மேல ஃபிளேஞ்ச் (அகலமான விளிம்பு) வச்சதா வந்தா ஓபன் டெக்கையே கிட்டத்தட்ட மூடிடும். ஆனா அலுமினியம் சூட்டுல இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். 80 மி.மீ. விட்டத்துல 80 டிகிரி சூடு ஏறினா ரெண்டுக்கும் வித்தியாசம் 0.07 மி.மீ. வருது, நாம பிரஸ் பண்ணும்போது கொடுக்கற இறுக்கமே அந்த ரேஞ்சு தான். என்ஜின் ஒரு தடவை ஓவர்ஹீட் ஆனா பிடி விட்டு ஸ்லீவ் கீழ இறங்கலாம், அதனால ஸ்லீவ் உக்கார்ற திட்டை பிளாக்குல சரியா வெட்டணும், ஸ்லீவ் போட்டப்புறம் டெக்கை ஃபேசிங் பண்ணி மட்டமாக்கணும்.

பிளாக்குல தண்ணி ஓடற பாதைக்குள்ள, அசையாம இருக்க சிமென்ட் மாதிரி ஃபில் ஊத்தறதை வீடியோவுல பாத்துட்டு கேக்கறாங்க. அது நேர்கோட்டுல சில செகண்டு மட்டும் ஓடற டிராக் (drag) ரேஸ் காருக்குப் பொருந்தும். அரைவாசி ஊத்தி ரோட்டுல ஓட்டறவங்களும் இருக்காங்க, ஆனா கீழ்பாதி சிலிண்டரோட சூடு தண்ணிக்குப் போகாம ஆயில்ல ஏறும், பெரிய ஆயில் கூலர் வேணும். சில்க் போர்டு ஜங்ஷன்ல முக்கால் மணி நேரம் ஊர்ந்து போற காருக்கு நான் செய்ய மாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன்.

எல்லாருக்கும் இவ்ளோ வேலை தேவையும் இல்ல. நிறைய சின்ன டர்போ என்ஜின்ல பிளாக் போறதுக்கு முன்னாடி பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கற கனெக்டிங் ராட் தான் வளையும், அதுவும் குறைஞ்ச ஆர்பிஎம்ல அதிக டார்க் (என்ஜினோட சுழற்றும் விசை) கொடுக்கற ட்யூன்ல. கொஞ்சமா பவர் ஏத்தறவங்க கூலிங், நல்ல பெட்ரோல், நிதானமான ட்யூன் இந்த மூணைப் பாத்தாலே போதும். என்ஜினைத் திறந்து ராட், பிஸ்டன் மாத்தற அளவுக்குப் போறவங்க தான் பிளாக்குக்கும் சேர்த்து பட்ஜெட் போடணும், பாக்கிப் பணத்துல பாத்துக்கலாம்னு விடக்கூடாது.

சட்டத்தையும் ஒரு வரி போட்டிருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டுமோ வரலாம். பவரை முழுசா அனுபவிக்கணும்னா கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயும் சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கும் ஒரு நாள் பயணத்துல இருக்கு, அவுட்டர் ரிங் ரோட்டுல வேண்டாம்.

1953ல எச்.எம்.டி. (இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்) வந்த ஊர் இது சார், லேத் செஞ்ச ஊர். பீன்யாவுல மைக்ரான் அளக்கற மெஷின் இருக்கு, நம்ம ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கத்துல கை விரலாலயே டேப்பர் (துளை மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவுன்னு தேய்ஞ்சிருக்கறது) கண்டுபிடிக்கற தமிழ் மேஸ்திரிங்க இருக்காங்க, ஆனா டார்க் பிளேட் வச்சிருக்கற ஷாப் ரொம்ப குறைச்சல், ஏன்னா அதுக்குக் காசு கொடுக்க கஸ்டமர் தயாரா இல்ல, சாயங்காலமே பிளாக் வேணும்கறாங்க. ராஜாஜிநகர் ஜிடிடிசி (அரசு டூல் ரூம் பயிற்சி மையம்) மாதிரி இடத்துல வேலை பாக்கறவங்களுக்கு சாயங்கால வகுப்பா ஹோனிங், லைன் போரிங், அளவெடுக்கறது சொல்லிக் கொடுத்தா எங்க பசங்க முதல் ஆளா வருவாங்க. நீங்களும் அடுத்த கட்டுரைக்கு ட்யூனிங் கடையோட நிக்காம ஒரு மெஷின் ஷாப்புக்கு நிருபரை அனுப்புங்க, காலையில பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க, அப்போ தான் ஹோனிங் மெஷின் ஓடும்.

இப்படிக்கு,
ஒரு போரிங் ஷாப் வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு