தேர்வு இருக்கட்டும், விழுக்காட்டுப் பட்டியல் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் ரத்தானதிலிருந்து, பத்தாம் வகுப்புத் தேர்வையும் எடுத்துவிட்டால் என்ன என்று பெற்றோர் சிலர் என்னிடமே கேட்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடுக்கவே கூடாது. அந்தத் தேர்வைக் கெடுத்துவைத்திருப்பது வேறொன்று.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கைக்கு வரும் விடைத்தாளில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, ஊர் இருக்காது. முகப்பில் மாணவரின் விவரம் உள்ள பகுதியை முன்பே கிழித்து எடுத்திருப்பார்கள். இறுதி விடை தப்பாக இருந்தாலும், சூத்திரம் எழுதியதற்கும் அதில் பிரதியிட்டதற்கும் விடைக்குறிப்பில் உள்ள மதிப்பெண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளுக்கும் சென்னையில் பெரிய பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள், ஒரே விடைக்குறிப்பு. அப்பாவின் பெயரையும் தெருவின் பெயரையும் பார்க்காமல் எடைபோடும் இடம் அந்தப் பெண்ணுக்கு அதற்கு முன் எங்கே வாய்த்தது?

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு நின்றபோது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் போட்டார்கள். வேறு வழியில்லாத காலம், குறை சொல்லவில்லை. ஆனால் அரையாண்டு முடிந்த பிறகுதான் விழித்துக்கொண்டு இரவு பகலாகப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் ஏராளம். அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போய் வருகை குறைந்தவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் அந்த ஆண்டு கைகொடுக்க எதுவும் இல்லை.

இனி அந்தத் தேர்வைக் கெடுப்பது எது என்பதற்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அவற்றில் பல புத்தகப் பயிற்சியிலிருந்தே வரும். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக 30. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் போதும். எனவே ‘மெல்லக் கற்போர்’ என்று சிலரைத் தனியே பிரித்து, மாலைச் சிறப்பு வகுப்பில் மாதக்கணக்கில் இவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் போடவைக்கிறோம். மாணவன் வட்டத்துக்குத் தொடுகோடு அச்சுப் பிசகாமல் வரைவான். தொடும் புள்ளியில் ஆரம் ஏன் செங்குத்தாக நிற்கிறது என்று கேட்டால் விழிப்பான். காரணிப்படுத்தத் தெரியாமலே தேறிவிடுவான். பிறகு பாலிடெக்னிக் முதலாண்டிலேயே கணிதத்தில் அரியர் விழுந்து, படிப்பையே விட்டுவிடுகிறான்.

இதைச் செய்வது தேர்வு அல்ல, தேர்ச்சி விழுக்காடு. முடிவு வந்த அன்றே மாவட்ட வாரியாகத் தரவரிசை வெளியாகிறது. விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தனியார் பள்ளி வாசலில் ‘100 விழுக்காடு தேர்ச்சி’ என்று பேனர். அந்த நூறைக் காப்பாற்றச் சில பள்ளிகள், தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகின்றன. அப்படி வெளியே அனுப்பப்பட்ட ஒரு பையனை அவன் அம்மா ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்கு அழைத்துவந்தார். “தனித்தேர்வரா எழுதிக்கட்டும்னு சொல்லிட்டாங்க சார்” என்றார். டி.சி.யில் நன்னடத்தை என்றுதான் எழுதியிருந்தது.

2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பை 2020 பிப்ரவரியில் கைவிட்டது. இரண்டையும் மனதார வரவேற்றவன் நான். மாணவருக்குச் செய்ததைப் பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் செய்ய ஏன் தயக்கம்? விழுக்காட்டை வெளியிட்டே தீர வேண்டும் என்றால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்பதையும் பக்கத்திலேயே வெளியிடட்டும். மாணவர் விவரமெல்லாம் பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் இருக்கும்போது இது பெரிய வேலையில்லை.

தேர்வு ரத்தான பிறகு பதினொன்றாம் வகுப்பிலும் கண் வேண்டும். அந்தப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் நடத்திய பள்ளிகளால்தான் 2017-18இல் அந்தத் தேர்வே வந்தது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் மே மாதம் மாவட்டத் தரவரிசைப் பட்டியலை முதல் பக்கத்தில் போடாதீர்கள். அந்த இடத்தில், துணைத்தேர்வுக்கு எங்கே, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மறுகூட்டலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். தோற்ற பிள்ளையின் வீட்டில் அன்று காலை தேடுவது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
செய்யாறு.