காரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு நன்றி

பெரம்பலூர் மாவட்டம் காரையில், செம்மண் பள்ளங்களுக்குள் புதைபடிவம் தேடும்போது வெயிலில் மகளுக்குத் தலைசுற்றியது. ஒதுங்க நிழலே கிடையாது அங்கே. கேட்காமலே தூக்குவாளித் தண்ணீரைக் கொடுத்தீர்கள். துண்டை நனைத்து அவள் தலையில் போட்டீர்கள். அப்புறம் அவள் கையிலிருந்த தோட்டா போன்ற கல்லை வாங்கி, உடைந்த முனையை எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினீர்கள். நடுவிலிருந்து கதிர்கதிராகக் கோடுகள்! "ஜிப்சம் கல்லுன்னா ஏடு ஏடா உரியும் பாப்பா. இது உசுரா இருந்தது." சரியாகச் சொன்னீர்கள். அது பெலம்னைட், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடலாக இருந்தபோது நீந்திய, கணவாய் மீனுக்கு உறவான உயிரின் உள்ளோடு. பணம் நீட்டியதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயே விட்டீர்கள். ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் ஐயாவிடம் சொல்லுங்கள்: பாப்பா நன்றாக இருக்கிறாள்.