விற்கும்போது ஒரே பெட்டி, புகார் என்றால் இரண்டு பிரிவா?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குளிர்காலப் பெட்டியில் வந்த ஸ்வெட்டர், போர்வை, செடிகள் குறித்த புகார், முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேரில் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டதால் எழுத்தில் தருகிறேன். போனில் சொன்னது எதுவும் உங்கள் பக்கம் பதிவானதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக யாரோ எடுக்கிறார், "சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கிறார். ஆர்டர் விவரமும் புகார் எண்களும் உங்களிடமே இருக்கின்றன, எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கு எதற்கு இத்தனை புகார் எண்கள் என்று நான் கேட்டதற்கு, துணிப் பிரிவு வேறு, செடிப் பிரிவு வேறு என்றார்கள். விளம்பரத்தில் ஸ்வெட்டர் போட்ட பெண் ஜன்னலோரம் செடிகளுக்கு நடுவே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் எந்தப் பிரிவு?

முதலில் செடிகள். கலத்தியா மழைக்காட்டுச் செடி, குளிர் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்ததால்தான் "குளிர்காலத்தில் ஹீட் பேக் வைத்தே அனுப்புகிறோம்" என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறீர்கள். நானும் நம்பித்தான் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் இலைகள் வெந்த கீரையாட்டம் கறுத்துத் துவண்டு, ஈரம் சொட்டிக் கிடந்தன. ஹீட் பேக் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் வெளிக் கவரையே யாரும் கிழிக்கவில்லை! உள்ளே இருப்பது இரும்புத்தூள், காற்று பட்டு அது துருப்பிடிக்கும்போதுதான் சூடு கிளம்பும். காற்றுப் புகாத கவரோடு அப்படியே வைத்தால் அது வெறும் கல். பேக்கிங் செய்தவருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. கவரின் மேல் 72 மணி நேரம் வரும் என்று போட்டிருக்கிறது. என் கையில் அது இருந்த இருப்புக்கு ஐஸ் கட்டியே தேவலை. போட்டோ அனுப்பியிருக்கிறேன், முன்பும் அனுப்பினேன், திரும்பவும் இணைக்கிறேன். அதற்கு வந்த பதில்: "எங்கள் பதிவின்படி ஹீட் பேக் வைக்கப்பட்டுள்ளது, எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது."

ஸ்நேக் பிளான்ட்டுக்கு வேறு கதை. அவ்வளவு லேசில் சாகாத செடி என்று சொல்லித்தான் எல்லாரும் விற்கிறார்கள், நீங்களும். அழகான பீங்கான் தொட்டி, அடியில் ஒரு துளைகூடக் கிடையாது. வந்த அன்றே மண் சேறு மாதிரி இருந்தது, அடித்தண்டை விரலால் அழுத்தினால் உள்ளே போனது. குளிர்காலத்தில் அதற்குத் தண்ணீரே அபூர்வமாகத்தான் ஊற்ற வேண்டும், மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான். நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. அப்படியிருந்தும் உங்கள் செடி நிபுணர், படத்தைப் பார்க்காமலே, "நீங்க தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க" என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்த ஈர மண்ணிலிருந்து கிளம்பிய சின்னக் கறுப்பு ஈக்கள் இப்போது என் மற்ற தொட்டிகளிலும் குடியேறி, விளக்கைச் சுற்றிப் பறக்கின்றன. வருஷக்கணக்காகப் பிள்ளை மாதிரி வளர்த்த மணி பிளான்ட்டும் வாடுகிறது. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு, சொல்லிவிட்டேன்.

பொறுமையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஸ்வெட்டர் என்றதும் உங்கள் கஸ்டமர் கேரில் அதைப் பற்றிப் பேசிய அந்த மனிதரின் குரல்தான் காதில் கேட்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன், உங்கள் அழைப்புப் பதிவில் இருக்கும், "பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களே சொல்கிறீர்களே. ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது, தலைகூட நுழையவில்லை என்று சொல்கிறேன். "அப்படின்னா வீட்ல குழந்தைக்குப் போட்டு விடுங்களேன் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். சிரிப்பை அடக்கக்கூட முயலவில்லை. பின்னால் இன்னொருவர் சிரிப்பதும் கேட்டது. என் வீட்டில் குழந்தை இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு எதற்கு? நான் விலை கொடுத்து வாங்கிய ஸ்வெட்டர் எனக்குப் பொருந்த வேண்டும் என்று கேட்டால் அது வேடிக்கையா?

சரி, ஸ்வெட்டருக்கு வருகிறேன். கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள்: 100% மெரினோ கம்பளி, பக்கத்தில் துணி துவைக்கும் தொட்டியின் படம், உள்ளே 30, அடியில் இரண்டு கோடு. அதாவது மெஷினில் 30 டிகிரியில், மிக மென்மையான சுற்றில் துவைக்கலாம். அப்படியேதான் துவைத்தேன், கம்பளிக்கென்று இருக்கும் சுற்றில், கம்பளிக்கென்று விற்கும் சோப்பில். வெளியே வந்தது தடித்த அட்டை. பின்னல் கண்ணே தெரியவில்லை, கை முழங்கைக்கு மேலே ஏறி நிற்கிறது. சூடு அதிகம் வைத்திருப்பீர்கள் என்கிறது துணிப் பிரிவு. கம்பளி ஏன் இப்படி ஆகும் என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருப்பதுதான் கொடுமை. இழையின் மேல் செதில்கள் இருக்கும். ஈரம், சூடு, உரசல் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும், அப்புறம் இழுத்தாலும் பிரியாது. அதனால்தான் மெஷினில் போடலாம் என்று விற்கிற கம்பளிக்கு முன்னாலேயே குளோரின் கொடுத்துச் செதிலை மழுக்கி, மேலே பிசின் பூச்சு போடுவார்கள். அந்தப் பதப்படுத்தல் நடக்காத நூலில் பின்னிவிட்டு மெஷின் லேபிளை ஒட்டியிருக்கிறீர்கள். இதற்கு வேறு விளக்கம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பளியாக இருக்க வேண்டிய போர்வை கம்பளியே இல்லை. ஓரக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கினால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியும். உங்கள் போர்வை நூல் உருகிச் சொட்டி, நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு மணியாக நின்றது. அக்ரிலிக். அக்ரிலிக் கெட்டது என்று நான் சொல்லவில்லை, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அக்ரிலிக் என்று சொல்லி விற்றால் அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குவேன். கம்பளி என்று சொல்லி விற்பதற்குப் பெயர் வேறு.

இனி அந்தத் திரும்ப ஒப்படைக்கும் படலம். பிக்கப்புக்கு ஆள் வரும், வீட்டிலேயே இருங்கள் என்றீர்கள். இருந்தேன். வரவில்லை. "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று மட்டும் மெசேஜ் வந்தது, நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே. அப்புறம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்றீர்கள். எலும்பைத் துளைக்கும் குளிரில், இரண்டு தொட்டிகளும் துணியும் இருக்கிற அவ்வளவு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு உங்கள் சேகரிப்பு மையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் பெட்டியின் மேல் இருந்த செடிப் படத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "உயிருள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." உயிர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அங்கேயே நின்று கஸ்டமர் கேருக்கு அடித்தால், "செத்த செடியைத் திரும்ப எடுக்க விதி இல்லை மேடம்" என்கிறார்கள். உயிரோடு இருந்தாலும் எடுக்க மாட்டீர்கள், செத்தாலும் எடுக்க மாட்டீர்கள்! துணியை மட்டுமாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், பெட்டியைப் பிரித்தால் செட் முழுமையாக இல்லை, ரீஃபண்ட் கிடையாதாம். அப்போது மட்டும் ஒரே செட். அதே பெட்டியைத் திரும்பச் சுமந்துகொண்டு வந்தேன். அன்றிலிருந்து தோள் வலி போகவில்லை. இந்தக் குளிர்காலமே எனக்குப் பாழ்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. முன்பு வாங்கிய காலுறைகள் நன்றாகவே உழைக்கின்றன, அதையும் சொல்கிறேன். அதனால்தான் வேறு எங்கும் போகாமல் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து இதைப் படிப்பவர் ஒரு முறையாவது முழுக்கப் படியுங்கள்.

நான் கேட்பது இதுதான். பெட்டியின் முழு விலையும் திரும்ப வர வேண்டும், ஸ்வெட்டருக்குப் பாதி, செடிக்குக் கால் என்று கணக்குப் போட வேண்டாம். பெட்டியை என் வீட்டு வாசலிலிருந்து உங்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். போர்வை லேபிளில் கம்பளி என்று ஏன் போட்டீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். சிரித்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த சீசனுக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஏற்கெனவே வந்ததை அழித்துவிட்டேன்.

இந்த வார இறுதிக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். கவர் கிழிக்காத ஹீட் பேக், சுருங்கிய ஸ்வெட்டர், உருகிய நூல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அழைப்புப் பதிவையும் அங்கே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எல்லாரும் சேர்ந்து கேட்டுச் சிரிக்கலாம்.

போனில் பேசித் தீர்க்கலாம் என்று நினைத்தால் தாராளமாக அழையுங்கள், மரியாதையாகவே பேசுவேன். ஆனால் அழைப்பவர் துணி, செடி இரண்டுக்கும் சேர்த்து முடிவெடுக்கக்கூடியவராக இருக்கட்டும். மன்னிப்பைத் தவிர வேறு எதற்காகவும் அந்தக் குழந்தை ஸ்வெட்டர்காரர் என் எண்ணுக்கு அழைக்கக் கூடாது.

இப்படிக்கு,
இன்னும் ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர்

இணைப்பு: புகைப்படங்கள், பில், நீங்கள் அனுப்பிய "புகார் முடிக்கப்பட்டது" மெசேஜ்கள் அனைத்தும்