கடைக்கு வருகிறவர்களை எண்ணுங்கள், பின்தொடராதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வர்த்தகர் சங்கத்தினருக்கும் கடை முதலாளிமாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கடைக்குள் வருகிற ஆள் எந்த மாடிக்குப் போனார், எந்த அலுமாரிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார், எதையும் வாங்காமல் எந்த வாசலால் வெளியேறினார் என்று கணினித் திரையில் காட்டும் ஏற்பாட்டை விற்க நம் பக்கமும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். உங்களில் சிலர் விலையும் கேட்டிருக்கிறீர்கள். கடைகளுக்கு வைஃபையும் கமராவும் பூட்டிக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால், "இதைப் போடலாமா?" என்ற கேள்வி என்னிடமும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோரும் பார்க்க எழுதுவது நல்லது என்று நினைத்தேன். உங்கள் வாடிக்கையாளரும் உங்கள் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளும் இதை வாசிக்க வேண்டும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை கொங்கிறீற் கூரையைத் தாண்டி ஒழுங்காக உள்ளே வராது. அதனால்தான் வீதியில் சரியாக வழிகாட்டும் போன், பெரிய கட்டடத்துக்குள் போனதும் தடுமாறுகிறது. அந்தக் குறையை நிரப்ப வைஃபையையும் புளூடூத்தையும் பயன்படுத்துகிறார்கள். வைஃபை போட்டிருந்தால், போன் பைக்குள் கிடந்தாலும் பக்கத்தில் என்ன வலையமைப்பு இருக்கிறது என்று அடிக்கடி தேடும். அந்தத் தேடலைக் கூரையில் பூட்டிய மூன்று நான்கு அக்சஸ் பொயின்ட்கள் (வைஃபை சமிக்ஞை கொடுக்கும் பெட்டிகள்) கேட்கும். எதில் சமிக்ஞை பலமாக விழுகிறது, எதில் குறைவாக விழுகிறது என்று ஒப்பிட்டால் ஆள் நிற்கும் இடம் சில மீற்றர் பிழையோடு தெரிந்துவிடும். 2019இல் ஐபோன் 11 உடன் கைபேசிகளுக்கு வந்த அல்ட்ரா வைட்பாண்ட் என்ற குறுந்தூர வானொலி அலை முறை இன்னும் நுணுக்கமானது. அதில் பிழை சில பத்து சென்ரிமீற்றருக்குள் வந்துவிடும்.

ஒரு புடவைக் கடையில் இதைப் பரீட்சித்துக் காட்டியபோது நானும் நின்றேன். ஊரையும் கடையையும் சொல்லப் போவதில்லை. மடிகணினியில் கடையின் வரைபடம், அதன் மேல் நீலப் புள்ளிகள். மத்தியான நேரம், கடையில் ஆள் குறைவு. ஒரு புள்ளி இரண்டாம் மாடியில் பெண்களின் உள்ளாடைப் பகுதியில் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரம் மேலே இருந்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். காசாளர் முதல் பொதி கட்டுகிற பையன் வரை எல்லோரும் சற்று முன்னர் அவர் படியேறியதைப் பார்த்தவர்கள். திரையில் பெயரே இல்லை. ஆனால் அங்கு நின்ற ஆண்கள் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். விற்க வந்தவர் அந்தப் புள்ளியைத் தொட்டு, "பாருங்கள், எவ்வளவு நேரமாக நிற்கிறார்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா கீழே இறங்கி வந்து காசு கட்டிய நேரம் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாங்கள் பெயரே எடுப்பதில்லை" என்பதுதான் விற்பவர்களின் முதல் பதில். அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம். வலையமைப்பில் தன்னை அடையாளம் காட்ட ஒவ்வொரு போனுக்கும் மேக் முகவரி என்று ஓர் இலக்கம் உண்டு. முன்பு அது மாறாமல் இருந்தது, அதை வைத்தே ஆளைத் தொடர்ந்தார்கள். 2014இல் ஆப்பிள் தேடலின்போது பொய் முகவரியைக் காட்டும் வழியைக் கொண்டு வந்தது, பின்னர் அண்ட்ரொயிட் போன்களும் அப்படியே செய்தன. சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றும். தீரவில்லை. கடையின் இலவச வைஃபையில் ஒருதரம் சேர்ந்துவிட்டால், போன் அந்த வலையமைப்புக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி, பெரும்பாலும் அடுத்த தரமும் அதையே காட்டும். போன வாரம் வந்த அதே ஆள் இன்றும் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்த வைஃபையில் சேர்வதற்குப் போன் நம்பரைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கத்தைத் தட்டச் சொன்னால் மிச்சமும் வெளியாகிவிடும். நம் நாட்டில் சிம் எடுக்க அடையாள அட்டை கொடுக்கிறோம். நம்பர் கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரித்தான்.

"முகவரியை ஹாஷ் செய்துதான் வைக்கிறோம், யாராலும் திருப்பி எடுக்க முடியாது" என்று இன்னொரு பதில் வரும். ஹாஷ் என்றால் முகவரியை ஒரு கணக்கில் போட்டு வேறொரு குறியீடாக மாற்றி வைப்பது. மேக் முகவரி 48 பிட் நீளம், அதாவது 0 அல்லது 1 என்ற 48 இலக்கங்கள். பொய் முகவரியாக இல்லாமல் போனின் சொந்த முகவரியாக இருந்தால், அதில் முதல் பாதி போனைச் செய்த கம்பனியின் அடையாளம், அந்தப் பட்டியல் எல்லோருக்கும் கிடைக்கும். மிச்சம் இருக்கிற சாத்தியங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது, நல்ல கிராபிக்ஸ் காட் உள்ள ஒரு கணினிக்குப் பெரிய வேலையே கிடையாது. தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே முதலாளிமாரிடம் வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

அதோடு நம் ஊர்களின் அளவையும் யோசியுங்கள். நியூயோர்க்கில் ஒரு புள்ளி யாரோ ஒருவர். காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மருதமுனைப் பக்கமிருந்து பிள்ளைகளோடு வருகிறவர் என்றால், "ஓ, இன்னாருடைய மகளா" என்று கடைப் பொடியனே சொல்லிவிடுவான். நகை அடகு பிடிக்கிற இடத்துக்கு அடிக்கடி போகிறவர், பார்மசியில் ஒரு குறிப்பிட்ட மூலையில் தயங்கி நிற்கிறவர், இவர்களைப் பற்றிய கதை வீட்டுக்கு அவர்கள் போகமுன்னர் போய்ச் சேர்ந்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை உங்கள் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றியது. நான் சொன்ன அந்தப் பரீட்சிப்பில் வாடிக்கையாளரைப் பற்றிய பேச்சு கொஞ்ச நேரம்தான் நடந்தது. அதற்குப் பிறகு வந்த கேள்வி, "ஸ்டாஃபையும் இதிலே பார்க்கலாமா?" பார்க்கலாம். கழுத்தில் போடுகிற அட்டைக்குள் ஒரு சின்ன புளூடூத் டேக் (தன் இருப்பைச் சமிக்ஞையால் சொல்லும் சில்லு) வைத்தால் போதும். யார் எத்தனை தரம் கழிவறைக்குப் போனார், உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார், யாரோடு யார் பக்கத்தில் நின்று கதைத்தார், தொழுகைக்கு எவ்வளவு நேரம் எடுத்தார் என்று மாத முடிவில் அறிக்கையாகவே வந்துவிடும். காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்கிற பெண் பிள்ளைகள் அவர்கள். மாதவிலக்கு நாளில் அடிக்கடி போய் வருகிற பிள்ளைக்கு அந்த அறிக்கையில் என்ன விழும்? அதை யார் வாசிப்பார்? பெரும்பாலும் ஒரு ஆண் மேற்பார்வையாளர். அட்டையைக் கழற்றி வைத்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவளிடம் "சம்மதம்" என்று ஒரு கையெழுத்து வாங்கினால் அதைச் சம்மதமாக நான் எடுக்க மாட்டேன்.

நம் மாவட்டங்களில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு பாரமும் உண்டு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரவு தங்க வந்த விருந்தாளி யார் என்று படிவம் நிரப்பிக் கொடுத்து, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். உங்களில் வயதானவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு காரணத்துக்காகச் சேர்த்த பட்டியல் இன்னொரு காரணத்துக்குப் போவதைப் பார்த்த சனம் இது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற அம்மாமார் ஒரு மண்டபத்தில் கூடினால், அந்த மண்டபத்தின் வைஃபைப் பதிவில் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று முழுதாக இருக்கும். மண்டபக்காரர் நல்லவராக இருக்கலாம். ஆனால் பதிவு இருந்தால் ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள். பதிவே இல்லாவிட்டால் கொடுக்கவும் எதுவும் இருக்காது.

இதை வெறும் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். தொழுகை நேரமும் கிப்லாவும் (தொழும் திசையும்) காட்டுகிற முஸ்லிம் புரோ செயலியை நம் ஊர்களிலும் நிறையப் பேர் போனில் வைத்திருக்கிறார்கள். அதைப் பாவிக்கிறவர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தகவல் விற்கும் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஒப்பந்தக்காரர்கள் வழியாக அமெரிக்க இராணுவம் வரை போனதாக 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற இணையச் செய்தித்தளம் செய்தி வெளியிட்டது. உடனே அந்த உறவை முறிப்பதாகச் செயலிக்காரர் அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, மருத்துவ நிலையம், வணக்கத் தலம் போன்ற இடங்களின் இருப்பிடத் தகவலை விற்க எக்ஸ்-மோட்டின் வழிவந்த நிறுவனத்துக்குத் தடை போட்டது. தொழுகை நேரம் பார்த்தவர்கள் யாரும் அதற்காகத் தங்கள் நடமாட்டத்தை இராணுவத்துக்குக் கொடுக்க நினைத்திருக்க மாட்டார்கள்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில்தான் என் சோறு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி எங்கே, ஒட்சிசன் சிலிண்டர் எங்கே என்று தேடி ஓடுகிற தாதிக்கு, பொருளில் ஒட்டிய டேக் பெரிய உதவி. அந்த டேக்குக்கு மானம் கிடையாது. வார்டு தெரியாமல் அலைகிற ஆளுக்குப் போனிலேயே வழி காட்டுவதும் நல்ல வேலைதான். அங்கே கவனிக்க வேண்டியது கணக்கை யார் போடுகிறார் என்பது. சுவரில் ஒட்டிய பீக்கன் என்ற சின்னக் கருவி தன் இலக்கத்தை மட்டும் புளூடூத்தில் சொல்லிக்கொண்டிருக்கும். போன் அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தைத் தானே கணக்கிட்டு, யாருக்கும் அனுப்பாமல் வழியைக் காட்டலாம். அதே வேலையைக் கட்டடம் போனைக் கேட்டுச் செய்தால் பதிவு கட்டடக்காரரின் கையில். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. விற்பவருக்கு லாபம் இரண்டாவதில் என்பதால் அதையே காட்டுகிறார்கள்.

நேர்மையாகச் செய்தவர்களும் உண்டு. லண்டன் சுரங்க ரயில் நிருவாகம் 2016 கடைசியில் நான்கு வாரம் 54 நிலையங்களில் வைஃபை மூலம் பயணிகளின் போக்கைப் பார்த்தது. நிலையங்களில் அறிவித்தல் ஒட்டியது. விருப்பமில்லாதவர் போனில் வைஃபையை நிறுத்தினால் போதும் என்று சொன்னது. கிங்ஸ் குரொஸ்ஸிலிருந்து வாட்டர்லூவுக்குச் சனம் குறைந்தது 18 வழிகளில் போகிறது என்பது அதில்தான் தெரிய வந்தது. டிக்கெட் இயந்திரத்தால் சொல்ல முடியாத தகவல் அது. அமெரிக்காவின் நோர்ட்ஸ்ட்ரோம் கடைகள் 2012இல் தொடங்கிய பரீட்சிப்பு வேறு மாதிரி முடிந்தது. வாசலில் அறிவித்தல் பார்த்த வாடிக்கையாளர் முறைப்பாடு செய்தார்கள், 2013 மே மாதம் கடை அதை நிறுத்திவிட்டது. அறிவித்தல் போட்டால் வியாபாரம் கெடும் என்று நினைக்கிற முதலாளி, அறிவிக்காமல் செய்வதற்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பார் என்று உங்களுக்கே தெரிகிற ஒரு காரியத்தை அவருக்குத் தெரியாமல் செய்வது சரியா?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பிடத் தகவலையும் ஆளை அடையாளம் காட்டும் தரவாகவே கொள்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போனது உண்மை. ஆனால் இன்று ஐந்து வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். விற்றவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

ஆகவே சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். எத்தனை பேர் வந்தார்கள், எந்த நேரம் நெரிசல் என்று தெரிய வேண்டுமானால் வாசலில் அகச்சிவப்புக் கதிர் எண்ணியைப் பூட்டுங்கள். அது தலையை எண்ணும், ஆளை அறியாது, விலையும் குறைவு. நோன்புப் பெருநாள், தீபாவளி, சித்திரை வியாபாரத்துக்கு எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது என்று முடிவெடுக்க அந்தக் கணக்கே போதும். இலவச வைஃபைக்குப் போன் நம்பர் கேட்க வேண்டாம், ஒரு கடவுச்சொல்லை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வைஃபையை வைத்து எதையாவது அளக்கத்தான் வேண்டும் என்றால், வாசலிலேயே தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் சொல்லுங்கள். அன்றாடத் தொகையை எடுத்துக்கொண்டு மூலப் பதிவை அன்றிரவே அழியுங்கள். பதிவு எந்த சேர்வருக்குப் போகிறது, விற்றவர் அதை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம். வேலை செய்கிற பிள்ளைகளின் கழுத்தில் டேக் போடுவதில்லை என்று சங்கமாக ஒரு தீர்மானம் எடுங்கள். ஒரு கடை போட்டால் பக்கத்துக் கடையும் போடும், அதனால் தனித்தனியாக விட்டால் இது நிற்காது.

உங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒரு மடிகணினியும் ஒரு அக்சஸ் பொயின்டும் கொண்டு வருகிறேன். கூட்டத்தில் இருக்கிறவர்கள் சம்மதித்தால், அவர்களுடைய போன்கள் என்ன சொல்கின்றன என்று திரையில் காட்டி, எல்லோருக்கும் முன்னாலேயே அழித்துவிடுகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். உங்கள் கடைகளில் வேலை செய்கிற பெண் பிள்ளைகளில் இரண்டு பேரையாவது அன்றைக்கு வரவிடுங்கள், அவர்களும் பேசட்டும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு – கல்முனை வீதிக் கடைகளுக்கு வலையமைப்புப் பூட்டிக் கொடுக்கும் ஒருவன்