லிஸ்பனுக்குப் போய் வா, மாப்பிள்ளை

தூத்துக்குடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வேலையிலிருந்து ஓய்வு, வைகாசிக் கடைசியில் முப்பதாவது திருமண நாள், அதற்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பா என்று எழுதியிருந்தாய். உன் அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. உங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவள் அல்லவா.

இங்கே எல்லாரும் சுகம். பேத்தி தத்தித் தத்தி நடக்கிறாள். என் வலது முழங்கால் படியில் இறங்கும்போது மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி குறை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூடவே வைத்திருந்த டூர் நோட்டீஸைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு. பஸ்ஸில் ஏறு, இறங்கு, போட்டோ எடு, மறுபடி ஏறு. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது சரிப்படும். முப்பது வருஷம் உனக்காகப் பொறுத்திருந்த ஒருத்தியை அப்படி இழுத்துக்கொண்டு ஓடாதே. ஒரே ஊருக்குப் போ, ஏழு நாள் அங்கேயே இரு. என்னைக் கேட்டால் அந்த ஊர் போர்த்துகல் தலைநகர் லிஸ்பன். 2024 ஜூனில் நாங்கள் இருவரும் போய் வந்ததிலிருந்து உன்னிடம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்றே இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா திசைச்சொல் நடத்திய நாள் நினைவிருக்கிறதா? ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியர் கொண்டு வந்தவை என்றார். நீ எழுந்து, "அப்போ அதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு ஜன்னலே கிடையாதா ஐயா?" என்றாய். ஐயா கோபப்படவில்லை. "காலதர் இருந்துச்சுப்பா. கால்னா காத்து, அதர்னா வழி" என்று பலகையில் எழுதிப் போட்டார். அது என் மனதில் அப்படியே கிடந்தது.

லிஸ்பனில் கிராசா என்ற குன்றின் மேல் ஒரு பழைய வீட்டில் அறை எடுத்திருந்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். என் உள்ளங்கையில் சாவியை வைத்து "ஷாவ்" என்றார். திரையை விலக்கி "ஜனெலா" என்றார். மேசையைத் தட்டி "மேஸா". துணி வைக்கிற அலமாரியைத் திறந்து "அர்மாரியு". உன் அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். "இந்தம்மா தமிழ் பேசுறாங்களா?" என்று என் காதில் கேட்டாள். அந்த ஜன்னலுக்கு வெளியே ஓட்டுக்கூரைகள் படிப்படியாக இறங்கி, கடைசியில் தேஜோ ஆறு கடல் மாதிரி அகலமாகக் கிடந்தது.

தமிழ் முதன்முதலாக அச்சேறியதும் அந்த ஊரில்தான். 1554இல் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்து ஒரு சின்ன வேத நூலை அங்கே அச்சடித்தார்கள். தமிழ் எழுத்திலேயே ஒரு நூல் கொல்லத்தில் வர மேலும் 24 ஆண்டுகள் ஆயின. முத்துக்குளித்துறையில் பிறந்த நமக்கு லிஸ்பன் அவ்வளவு அந்நியமில்லை, போனால் உனக்கே புரியும்.

ஏழு குன்றுகளின் ஊர் என்று பெயர். எங்கே போனாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். நடைபாதை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கருங்கல்லும் கைவிரல் நீளத்துக்கு உடைத்துப் பதித்திருக்கிறார்கள். அலை மாதிரி, பூ மாதிரி, கப்பல் மாதிரி கோலம். நூறு வருஷக் கால் பட்டுத் தேய்ந்து கண்ணாடியாக வழுக்கும். அல்பாமா என்ற பழைய பகுதியின் சந்துகளில் இறங்கும்போது உன் அக்கா என் கையைப் பிடித்தாள். கோயில் திருவிழாக் கூட்டத்தில்கூட முந்தானையைப் பிடித்துக்கொண்டு தனியாக நடப்பவள். அன்று பிடித்த கையை ஏழு நாளும் விடவில்லை. பாரிஸில் இரும்புக் கோபுரம் இருக்கலாம் மாப்பிள்ளை, இந்தக் கல் இல்லை.

அதனால் முதல் புத்திமதி: ரப்பர் அடி போட்ட ஷூ. தங்கச்சிக்கும் வாங்கு, இப்போதே போட்டு நடந்து பழகச் சொல்.

பகலில் எங்கே சுற்றினாலும் சாயங்காலம் உயரத்தில் இரு. மிராதோரு என்று சொல்வார்கள், ஊரைப் பார்த்து உட்காருகிற மேடு. சாந்தா லூசியாவில் நீல ஓடு பதித்த சுவரும் காகிதப்பூக் கொடியும் இருக்கும், கூட்டமும் இருக்கும். செஞ்ஞோரா தொ மோந்தே இன்னும் உயரம். ஜூனில் சூரியன் ஒன்பது மணிக்குத்தான் இறங்குகிறது. ஏழரைக்கே போய்ப் பைன் மரத்தடியில் இடம் பிடித்துவிடுங்கள். எதிரே கோட்டை, கீழே சிவப்பு ஓடுகள், தூரத்தில் ஆற்றின் மேல் சிவப்புப் பாலம். வெயில் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, வெள்ளைச் சுவரெல்லாம் ஒரு நிமிடம் ரோஸ் நிறமாகும். முதல் நாள் நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் உன் அக்கா போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

கார்மோ மடத்துக்குக் கட்டாயம் போ. 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்களின் திருநாள். காலைப் பூசைக்குக் கோயில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. மெழுகுவர்த்திகள் சரிந்து தீ. தீக்குப் பயந்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மேல் கடல் ஏறி வந்தது. ஊர் போய்விட்டது. 2004இல் நம் கரையில் பார்த்தோமே, அந்தக் கதைதான், கூடவே நெருப்பும். பொம்பால் என்ற அமைச்சர் கீழ் ஊரை நேர் நேரான தெருக்களாகத் திரும்பக் கட்டினார். அடுத்த அதிர்வைத் தாங்கச் சுவருக்குள் மரச்சட்டத்தில் கூண்டு வைத்துக் கட்டினார்கள். கார்மோ கோயிலுக்கு மட்டும் கூரை திரும்பவே இல்லை. கல் வளைவுகள் விலா எலும்பு மாதிரி நிற்கின்றன, மேலே வானம், கீழே புல். வாசலில் உள்ள சதுக்கத்தில் ஜகராந்தா மரங்கள். நாங்கள் போனபோது தரையெல்லாம் ஊதாப் பூ. 1974 ஏப்ரல் 25இல் சர்வாதிகார ஆட்சி சரணடைந்ததும் அந்தச் சதுக்கத்துப் படைமனையில்தான். சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூ செருகிய நாள் அது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் க்ளோரியா என்ற செங்குத்துத் தெரு. 1885 முதல் ஓடிய மஞ்சள் மலைவண்டியில் நாங்களும் ஏறினோம். 2025 செப்டம்பரில் அது தடம் புரண்டு 16 பேர் இறந்துவிட்டார்கள். செய்தி பார்த்த இரவு எங்கள் இருவருக்கும் தூக்கமில்லை. நீ அந்தப் பக்கம் போனால் எங்களுக்காகவும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போ.

இனி ஃபாதோ, அந்த ஊரின் சோகப் பாட்டு. இரவு பத்து மணிக்கு அல்பாமாவில் எட்டு மேசைகூட இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை. விளக்கைத் தணித்தார்கள், பேச்சு நின்றது. அதுவரை தட்டு எடுத்துக்கொண்டிருந்த பெண் கையைத் துடைத்துவிட்டு, கறுப்புச் சால்வையைத் தோளில் போட்டு, கண்ணை மூடி நின்றாள். பக்கத்தில் பன்னிரண்டு தந்தி போர்த்துகீசிய கிதார். மைக் கிடையாது. அந்தக் குரல் எழுந்தபோது கரண்டிச் சத்தம்கூட இல்லை. ஒரு சொல் புரியாமலே உன் அக்கா அழுதாள். வெளியே வந்து, "ஒப்பாரி மாதிரி இருந்துச்சு, ஆனா யாரும் சாகலை" என்றாள். 2011இல் யுனெஸ்கோ இதை உலகப் பண்பாட்டுச் செல்வமாகச் சேர்த்துக்கொண்டது. பெரிய மேடை, பஃபே என்று விளம்பரப்படுத்துகிற இடங்களை விட்டுவிடு, சின்ன இடமாகப் பார்த்துப் போ.

பெலெம் பகுதிக்கு ஒரு காலை போதும். ஜெரோனிமோஸ் மடத்தின் கல்வேலைப்பாடு நம் கோயில் தூண்களோடு நிற்கத் தகுந்தது. கயிறு, பவளம், கடற்பாசி எல்லாம் கல்லிலேயே. ஆனால் கீழை நாட்டு மிளகு, வாசனைப் பொருள் வணிகத்தில் போட்ட ஐந்து சதவீத வரிதான் அதைக் கட்டியது. உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தவர், 1502இல் திரும்பி வந்து அதே ஊரைப் பீரங்கியால் சுட்டவர். அங்கே எனக்கு மனம் கசந்தது, மறைக்கவில்லை. நீயும் பார், பார்க்க வேண்டிய கல்தான்.

மடத்துக்குப் பக்கத்திலேயே 1837 முதல் நடக்கிற பேஸ்ட்ரி கடை. சூடாக, மேலே பட்டைப்பொடி தூவிச் சாப்பிட வேண்டும். மேல் ஓடு நொறுங்கும், உள்ளே மஞ்சள் கருப் பாகு. மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளையை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சளில் கன்னியர் இனிப்பு செய்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். நம் தூத்துக்குடி மக்ரூனோ வெள்ளைக்கருவும் முந்திரியும். ஒரே முட்டையின் இரண்டு பாதியும் இரண்டு கரையில் இருக்கிற மாதிரி பட்டது எனக்கு. தங்கச்சி முட்டை தொடாது என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன், அங்கே முட்டையில்லாத இனிப்பு அபூர்வம். கீரை சூப்பிலும் மேலே ஒரு துண்டு இறைச்சி மிதக்கும், "செம் கார்ன்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லி வாங்கு. சோறும் பருப்பும் வேண்டுமென்றால் மார்த்திம் மொனீஸ் பக்கம் வங்காளதேசத்து, நேபாளத்துக் கடைகள் நிறைய.

28ஆம் எண் டிராம் பிரபலம். காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறினால் உட்கார்ந்து போகலாம், பிறகு கூட்டமும் பிக்பாக்கெட்டும்தான். பக்கத்து ஊரான சிந்த்ராவுக்கு ரோசியோ நிலையத்திலிருந்து ரயில், முக்கால் மணி நேரத்துக்குள். ஒரு நாள் ஒதுக்கு. நாவெகாந்தே என்ற அட்டையை ஆளுக்கொன்று வாங்கினால் மெட்ரோ, டிராம், படகு எல்லாவற்றுக்கும் ஆகும். அந்த அட்டையோடு காயிஷ் தொ சொத்ரே துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் போ. பத்து நிமிடப் படகு. உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய் வருகிற படகு அது. திரும்பும்போது லிஸ்பன் முழுதும் ஒரே பார்வையில் தெரியும், அதற்கு இணையான காட்சி அந்த ஊரில் வேறில்லை.

உங்கள் நாள் ஜூன் 12 என்று தங்கச்சி முன்பு சொன்ன நினைவு. அப்படியானால் நீ கொடுத்து வைத்தவன். அன்று இரவுதான் அந்தோணியார் திருவிழா. பதுவை அந்தோணியார் பிறந்தது லிஸ்பனில், கல்யாணம் கூட்டி வைப்பவர் அவர் என்பது அங்கத்து நம்பிக்கை. அன்று பல ஜோடிகளுக்கு ஊரே கல்யாணம் செய்து வைக்கிறது. சந்தெல்லாம் காகிதத் தோரணம், மீன் சுடும் புகை. மஞ்செரிக்கு என்று துளசி இனத்துச் செடியைச் சின்னத் தொட்டியில் விற்பார்கள், அதில் காகிதப் பூவும் நாலு வரிக் கவிதையும் செருகியிருக்கும். பிடித்தவருக்குக் கொடுப்பது வழக்கம். மூக்கைக் கொண்டு போகக் கூடாது, செடி வாடிவிடுமாம். உள்ளங்கையால் மெல்லத் தடவி, கையை முகர வேண்டும். உன் அக்காவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் தடவிவிட்டு, கையை என் மூக்கருகே நீட்டினாள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். திருவிழா நாட்களில் அறை கிடைக்காது, அதனால் இந்த வாரமே தொடங்கு. கிராசா வீட்டு விவரத்தை நேரில் தருகிறேன், பொங்கல் கழிந்து வருகிறேன் என்றாயே. மக்ரூன் வேண்டாம் என்று எழுதாதே, எனக்காவது வாங்கி வைப்பேன்.

உன் அக்கா ஒன்று சேர்க்கச் சொல்கிறாள். போனைப் பைக்குள் போடும் வேலை தங்கச்சியுடையதாம், உன்னை நம்ப வேண்டாமாம்.

அன்புடன்,
உன் மாமன்