கண்ணுக்குள் எதையும் விடாதே

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருவிழி தெளிவாக இருக்கிறது. சிவந்து தடித்திருப்பது இமை விளிம்புதான். இமை முடியின் அடியில் பொடுகு போல ஒட்டியிருக்கிறது, காலையில் பீளை கட்டுகிறது, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. டாக்டர் சீட்டில் பிளெஃபரைட்டிஸ் என்று எழுதியிருப்பது இதைத்தான், இமை அழற்சி. மெட்ராஸ் ஐ மாதிரி ஒட்டுவதில்லை. ஆனால் ஒரு வாரத்தில் தீர்ந்து போவதும் இல்லை. பார்த்துக்கொண்டால் அடங்கும், விட்டால் திரும்பும்.

அப்பத்தா போனில் சொன்ன விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தேன், பன்னீர், எதையும் கண்ணுக்குள் விடாதே. தாய்ப்பாலும் அப்படித்தான். நீ கசக்கிக் கசக்கிக் கருவிழியில் சின்னக் கீறல் விழுந்திருந்தால், கிருமி நீக்காத சாறு அதைப் புண்ணாக்கிவிடும். போதாததற்கு, உன் கோளாறு கண்ணுக்குள்ளேயே இல்லை.

மேல் இமை விளிம்பில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் படலமாகப் பரவி, அது காயாமல் காக்கிறது. மார்கழியில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைவது போல அது கெட்டியாகி வாயை அடைத்தால், கண்ணீர் சீக்கிரம் காயும், கண் உறுத்தும், அந்த உறுத்தலாலேயே கண் நீரைக் கொட்டும். "தண்ணியா வழியுது, இதைப் போய் வறட்சிங்கிறாங்க" என்றாயே, காரணம் இதுதான்.

ஆகவே முதல் வேலை ஒத்தடம். காலை, இரவு, தடவைக்கு 5 முதல் 10 நிமிடம். கையைக் கழுவிக்கொள். சுத்தமான சின்னத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பார்; இதமான சூடு போதும், சுள்ளென்றால் வேண்டாம். மூடிய இமைமேல் வை. ஈரத் துண்டு இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். பலரும் ஆறின துண்டையே பத்து நிமிடம் வைத்துக்கொண்டு "பலனில்லை" என்பார்கள். ஆற ஆற மறுபடி நனை. மைக்ரோவேவில் ஈரத் துண்டைச் சுட வைக்காதே. ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இமையைச் சுட்டுவிடும்.

சூடு ஆறுவதற்குள், கண்ணை மூடிக்கொண்டு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், முடி வரிசையை நோக்கி விரலால் மெதுவாக நீவு. அரை நிமிடம் போதும். விழியை அழுத்தாதே.

பிறகு சுத்தம் செய். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, கண்ணை மூடியபடி முடியின் அடியைப் பக்கவாட்டில் துடை. கண்ணுக்கு ஒரு பஞ்சு. மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடு, மறுநாள் புதிதாகக் கலக்கு. பேபி ஷாம்பு நான்கைந்து சொட்டு நீர்த்தும் செய்யலாம். சிலருக்கு அது தோலை வறட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் இமைத் துடைப்பான் சௌகரியம், விலைதான் கூட.

முடியின் அடியைச் சுற்றிக் குழாய் மாதிரி ஒட்டியிருக்கும் செதில், டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியின் அடையாளம். அதற்கு டீ ட்ரீ எண்ணெய் நல்லது என்று யாராவது சொல்வார்கள். பாட்டிலில் வரும் சுத்த எண்ணெய் கருவிழியை எரித்துவிடும். நீர்த்துத் தயாரித்ததை டாக்டர் சொன்னால் மட்டும். தலையில் பொடுகு இருந்தால் அதற்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு போடு, வாரம் இரண்டு முறை, கண்ணில் படாமல். தலையை விட்டுவிட்டு இமையை மட்டும் கவனித்தால் பாதி வேலைதான்.

வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடலாம். ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல் தேவைப்பட்டால் கெடாமல் வைக்கும் ரசாயனம் சேர்க்காத ஒற்றை டோஸ் வகையை வாங்கு; பென்சல்கோனியம் என்ற அந்த ரசாயனம் இருப்பது தினம் பலமுறை விட்டால் தானே உறுத்தும். சிவப்பு போக ஸ்டீராய்டு சொட்டை நீயே வாங்கி விடாதே. நாளடைவில் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். மீன் எண்ணெய் மாத்திரைக்குக் காசு கொட்ட வேண்டாம். 2018-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் கண் வறட்சிக்கு அது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த ஆலிவ் எண்ணெயை விட மேலாக எதுவும் செய்யவில்லை.

இமையின் உள் விளிம்பில் கண்மை தீட்டுவதை நிறுத்து, சுரப்பி வாய் அங்கேதான் திறக்கிறது. அடங்கும்வரை லென்ஸும் வேண்டாம். ஆபீஸில் ஏசி காற்று முகத்தில் நேரே அடிக்காத இடமாக மாறிக்கொள்.

நாலைந்து வாரம் விடாமல் செய்தும் மாறாவிட்டால் திரும்ப டாக்டரிடம் போ. டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை தேவைப்படலாம். ஒரு கண் மட்டும் மாறாமல் சிவந்து தடித்து முடி உதிர்ந்தாலும் காட்டிவிடு. கடுத்த வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், லென்ஸ் போட்ட கண் திடீரென்று சிவப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும். ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்காதே.

அன்புடன்,
அம்மா