இல்லாத கத்தியை விற்ற காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி விளையாட்டால் நம் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கெடுகிறார்களா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அதே விளையாட்டில் சிலர் உழைக்கவும் செய்கிறார்கள் என்பது கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. உழைப்புக்கு வரி என்று ஒன்று இருப்பது அந்தப் பிள்ளைகள் காதில் விழவில்லை. நான் எழுத வந்தது இந்த இரண்டாவதைப் பற்றி.

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் கடைகளுக்குக் கணக்கெழுதுவது என் தொழில். கடந்த பங்குனியில் தங்கையின் மகன் ஒரு தடித்த சிஆர் கொப்பியுடன் வந்து, "மாமா, இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று வங்கியில் கேட்கிறார்கள், என்ன எழுதட்டும்?" என்றான். கொப்பியின் இடப்பக்கத்தில் கத்தி, கையுறை, துப்பாக்கி, வலப்பக்கத்தில் டொலர். போரைக் கண்ட எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர் எவரும் அந்தச் சொற்களை வரிசையாக ஒரு கொப்பியில் கண்டால் நெஞ்சு திக்கென்னும். பிறகுதான் விளக்கினான். எல்லாம் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' என்ற விளையாட்டுக்குள் இருக்கும் சாமான்கள். அந்தக் கத்தியால் எதிரிக்குக் கூடுதலாக வலிப்பதுமில்லை. பார்க்க அழகு, அவ்வளவுதான். மலிவாக வாங்கி விலை ஏறும்போது விற்கிறான். விளையாட்டை நடத்தும் ஸ்டீம் தளத்தின் சொந்தச் சந்தையில் விற்றால் 15 வீதம் கழிவு போகும், மிச்சமும் அந்தத் தளத்தின் பைக்குள்ளேயே கிடக்கும், வங்கிக்கு வராது. அதனால் வெளித் தளங்களில் விற்று டொலராக எடுக்கிறான்.

"இல்லாத சாமானுக்கு வரி எப்படி வரும்?" என்று கேட்டான். மட்டக்களப்பு வாவியில் பாடுகிறதென்னும் பாடுமீனைக் கண்ணால் கண்டவர் யார்? அதன் பேரில் கடை வைத்தவர் வரி கட்டத்தானே வேண்டும்! 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் சாமானைத் தொட்டுப் பார்ப்பதில்லை, இலாபத்தைத்தான் பார்க்கிறது. விற்காமல் வைத்திருக்கும் கத்தியின் விலை ஏறுவது வருமானமல்ல. 2025 ஒக்டோபரில் அந்த விளையாட்டின் விதி ஒன்று மாறியதும் கத்திகளின் விலை ஓர் இரவில் சரிந்தது. அன்று இவன் சோறு தின்னவில்லை என்று தங்கை சொன்னாள். விற்றுக் கைக்கு வந்ததில் வாங்கிய விலையைக் கழித்து மிஞ்சுவதே கணக்கு. தொழிலுக்கு வைத்திருக்கும் கணினியின் விலையையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கழிக்கலாம்.

2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் இருக்கிறது, அதுவரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம். இவனுக்கு வாங்கிய விலையும் செலவும் போக 24 இலட்சம் மிஞ்சுகிறது. நிவாரணம் போக மீதி ஆறு இலட்சத்துக்கு 6 வீதம், 36,000 ரூபாய். இதற்குப் பயந்தா ஒருவன் வங்கியில் 'நண்பர் அனுப்பிய பணம்' என்று எழுதப் பார்ப்பது?

சிக்கல் 28 இலட்சத்தைத் தாண்டியவருக்குத்தான். வெளிநாட்டில் பயன்படும் சேவைக்கு அந்நியச் செலாவணியாக வங்கி வழியே வரும் வருமானம் 2025 மார்ச் வரை வரிவிலக்குப் பெற்றிருந்தது. இப்போது அதற்கு உச்ச வீதம் 15. மற்ற வருமானமென்றால் 18, 24, 30 என்று படியேறி 36இல் நிற்கும். ஆண்டுக்கு 48 இலட்சம் உழைப்பவர் சேவை என்றால் 3,60,000 கட்டுவார். வியாபாரம் என்றால் 6 இலட்சம். வித்தியாசம் 2,40,000 ரூபாய். அப்படியானால் கத்தியை விற்பது சேவையா, சாமான் விற்பனையா? இன்னொருவருக்காக விளையாடி அவருடைய தரத்தை ஏற்றிக் கொடுத்துக் கூலி வாங்குவது சேவை என்று துணிந்து சொல்வேன். கத்தியை வாங்கி விற்பது எனக்கு வியாபாரமாகவே படுகிறது. ஆனால் விளையாட்டு நிறுவனங்களோ அதை விற்பனை என்றே ஒப்புக்கொள்வதில்லை, பாவிக்கும் உரிமை மட்டும்தான் கொடுத்தோம் என்கின்றன. இதைக் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். மேசையில் இருந்த தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அந்தக் கத்தி இப்போது எங்கே இருக்கிறது?" என்றார். அவரில் பிழையில்லை, அவருக்கும் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உள்நாட்டு இறைவரித் திணைக்களம் இந்த ஒரு கேள்விக்கு உதாரணக் கணக்கோடு தமிழில் இரண்டு பக்கம் வெளியிட்டால் போதும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கணக்கெழுதுபவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம். உங்கள் பத்திரிகையும் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும். மருமகன் வரி இலக்கம் எடுத்துவிட்டான். கொப்பியில் நடுவே கோடு கிழித்து மூன்றாவதாக ஒரு நிரலும் போட்டிருக்கிறான்: வாங்கிய விலை.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகர்,
களுவாஞ்சிகுடி.